வெள்ளிக்கிழமை கொட்டாத பை

போன மாதம் நான் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு விற்பனைக்காரர் தூசி உறிஞ்சும் மிஷினோடு வந்தார். தரையில் கொஞ்சம் மாவைக் கொட்டி, மிஷினைப் போட்டு, மாவு இருந்த இடமே தெரியாமல் செய்து காட்டினார். மகளுக்குப் பிடித்துவிட்டது. நான் சாதாரணமாக வெளி ஆள் முன்னால் வாய் திறப்பதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"உள்ள இருக்கிற பையை எப்பக் கொட்டணும்?"

"அதெல்லாம் மாசம் ஒரு தடவை கொட்டினாப் போதும்மா. உங்களுக்கு வேலையே இருக்காது."

"இந்த ஆள்கிட்ட வாங்காதே" என்று மகளிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். காசுக்குப் பார்க்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். நினைக்கட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு என் அய்யாவின் கைகள்தான் கண்ணில் தெரியும். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். ஆமத்தூர் கரிசல் காட்டில் பருத்தி போட்டுக் காய்த்துப்போன கைகள். அந்தக் கைகளை ஒருத்தி முன்னால் கும்பிட்டு நிற்க வைத்தது ஒரு தூசி மிஷின். இல்லை, மிஷினைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஒருத்திதான்.

அவள் என் ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி. நேரில் அவளை இன்றுவரை "அக்கா, வாங்க" என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் இது என் காகிதம். இதில் அவள் என்றே எழுதுகிறேன்.

நான் சிவகாசியில் வாழ்க்கைப்பட்டது அறுபதுகளின் தொடக்கத்தில். மாமனாருக்குச் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. பட்டாசுக்குள் போகிற கலவையை எங்கள் பக்கம் மருந்து என்போம். மருந்து கலக்கும் அறைகளை மூத்த மகன் பார்த்துக்கொண்டார். ஆர்டர், லோடு எல்லாம் என் கணவர். ஆர்டர் பிடிக்க அவர் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார்.

அந்த வீட்டில் மாமியார் வைத்த சட்டம் ஒன்று உண்டு. கம்பெனியிலிருந்து வருகிற ஆண்கள் முன்வாசல் வழியாக வரக் கூடாது. பின்வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். வேட்டி சட்டையை அவிழ்த்து அதில் முக்கிவிட்டு, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். தொட்டித் தண்ணீரின் மேல், மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி வெள்ளி மாதிரி மினுங்கிக்கொண்டு மிதக்கும். வீடு பெருக்குவதானாலும் தண்ணீர் தெளித்துத்தான் பெருக்க வேண்டும். கம்பெனியிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். காய்ந்த தரையில் விளக்குமாறு பட்டுவிட்டால் மாமியார் எந்த மூலையில் இருந்தாலும் சத்தம் வரும்.

அந்த வீட்டுக்குள் மிஷின் வந்தது. ஓரகத்தியின் தம்பி சிங்கப்பூரில் வேலை பார்த்தான். கப்பலில் வந்தபோது அக்காவுக்காகக் கொண்டுவந்தான். அம்மிக்குழவியைப் பெரிதாக்கிப் படுக்கப் போட்ட மாதிரி இருந்தது. அடியில் சறுக்குக் கட்டைகள், முன்னால் நீளமான குழாய், உள்ளே ஒரு துணிப் பை. கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து அவனே ஓட்டிக் காட்டினான்.

"அக்கா, நல்லாக் கேட்டுக்கோ. ஈரத்தை உறியக் கூடாது. கரண்டு தூக்கிரும். சாம்பிராணித் தணல், ஊதுபத்திச் சாம்பல், சூடா எதையும் உறியக் கூடாது. வேலை முடிஞ்சதும் மொதல்ல பிளக்கைப் பிடுங்கு, பெறகுதான் மூடியைத் திற. அன்னன்னைக்குப் பையை வெளிய கொண்டுபோய் உதறிரு. பை ரொம்பிருச்சுன்னா காத்துப் போக வழி இல்லாம மோட்டார் சூடாகும்."

"ஆமாடா, பெரிய இஞ்சினியரு" என்றாள் அவள். ஆனால் முகத்தில் பெருமை வழிந்தது.

மறுநாளிலிருந்து மிஷினை ஓட்டுவது அவள். வயர் தடுக்காமல் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது நான். மிஷின் இருக்கும் அலமாரிச் சாவி அவள் இடுப்பில். தெருப் பெண்கள் பார்க்க வந்தால், "அதைத் தொடாதீக, கரண்டு சாமான். இவளுக்கே வயரைப் பிடிக்க மட்டுந்தான் விட்டிருக்கேன்" என்று என்னைக் காட்டிச் சிரிப்பாள்.

முதல் வெள்ளிக்கிழமையே வினை ஆரம்பித்தது. விளக்கு வைத்த பிறகு வீட்டைப் பெருக்கிக் குப்பையை வெளியே தள்ளக் கூடாது, லட்சுமி போய்விடுவாள் என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் அது இன்னும் கொஞ்சம் நீளம். செவ்வாயும் வெள்ளியும் கூடாது. அமாவாசை, கார்த்திகை கூடாது. வீட்டு ஆண்பிள்ளை ஊருக்குப் போன அன்றைக்குக் குப்பை வெளியே போகவே கூடாது. அன்று சாயங்காலம் கூடத்து விளக்குக்கு முன்னால் பூ உதிர்ந்து கிடந்தது. அவள் மிஷினை எடுத்தாள். மாமியார் பதறிவிட்டார்.

"ஏளா, வெள்ளிக்கிழமை விளக்கு வச்ச பெறகா?"

"அத்தை, நல்லா யோசிச்சுப் பாருங்க. குப்பை எங்கன போகுது? பைக்குள்ளதான இருக்கு. பை எங்கன இருக்கு? வீட்டுக்குள்ளதான. பெறகு லட்சுமி எப்பிடிப் போவா?"

மாமியாருக்கு அது பிடித்துப்போயிற்று. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் மருமகளின் புத்தியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். ஆனால் கணக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. கொட்டக் கூடாத கிழமை போனால் கார்த்திகை வரும். அது போனால் என் கணவர் தூத்துக்குடிக்குப் போயிருப்பார். அவர் வந்தால் மாமனார் மதுரைக்குக் கிளம்பியிருப்பார். பையைக் கொட்ட நாளே அமையவில்லை. "நாளைக்குக் கொட்டிக்கலாம்" என்பாள். அந்த நாளை வரவே இல்லை.

இதோடு விட்டாளா? அவள் கணவருக்குத் தொட்டித் தண்ணீர் குளிர்காலத்தில் பிடிக்காது. "நீங்க உள்ள வாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று அவரை முன்வாசல் வழியாக வரவைத்து, ஆணியில் மாட்டிய வேட்டி சட்டையில் மிஷினின் வாயை வைத்து உறிஞ்சுவாள். சட்டையில் படிந்த மினுமினுப்பு நம் கண் முன்னாலேயே குழாய்க்குள் போகும். "தொட்டியும் வேண்டாம், வண்ணானும் வேண்டாம்" என்பாள்.

நான் ஒரு தடவை என் கணவரிடம் சொன்னேன்.

"சட்டையில இருக்கிற பொடி அம்புட்டும் அந்தப் பைக்குள்ளதாங்க போகுது. வீட்டுக்குள்ள வைக்கலாமா?"

"மதினி காரியத்துல நீ தலையைக் கொடுக்காத. பெறகு எங்கம்மா என் தலையைத் திம்பாக" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் நல்லவர்தான். நல்லவர்களால் வருகிற தொல்லை தனி.

ஒரு நாள் மத்தியானம் மிஷின் பாதியில் முனகியது. ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. உள்ளே பளிச்சென்று ஏதோ வெட்டியது, நின்றுவிட்டது. மிஷினைப் பிடித்திருந்த கை அவள் கை. நான் வழக்கம்போல் பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமியார் ஓடி வருவதற்குள் அவள் என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"நான் சொன்னேன்ல அத்தை, இவ தண்ணி தெளிச்ச தரையில மிஷினை ஓட்டிட்டா. ஈரம் உள்ள போயிருச்சு. என் தம்பி தலை தலையா அடிச்சுக்கிட்டானே!"

காலையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கியது நான்தான். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. அதனால் பொய் அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். வர வேண்டிய பேச்சு மறுநாள் பாத்திரம் விளக்கும்போதுதான் வரும்.

அந்த வாரமே என் அய்யா வந்தார். என்னைப் பார்க்க ஆமத்தூரிலிருந்து பஸ் ஏறி, ஒரு சாக்கில் மொச்சையும் பூசணியும் கட்டிக்கொண்டு வந்தார். சாக்கைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. கூடத்தில் நிற்க வைத்தே அவள் ஆரம்பித்தாள்.

"பெரியவுக தப்பா நினைக்கக் கூடாது. கரிசக்காட்டுல வளந்த பிள்ளைக்கு மிஷினுன்னா என்னன்னு தெரியுமா? சொன்னாலாவது கேக்கணும். கடல் தாண்டி வந்த சாமானைக் கெடுத்துப் போட்டாளே. நீங்க என்ன சொல்லி வளத்தீக?"

ஊஞ்சலில் இருந்த மாமனார் பேப்பரை இறக்கவில்லை. மாமியார் வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். என் அய்யா என்னைப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். இல்லை என்று தலையையாவது ஆட்டியிருப்பேன். அதற்குள் அவர் சாக்கைத் தோளிலிருந்து இறக்கி ஓரமாக வைத்தார். இரண்டு கைகளையும் குவித்தார். தன் மகள் வயதுள்ளவளைப் பார்த்து, "தெரியாமச் செஞ்சிருப்பா தாயி. பொறுத்துக்கிடுங்க" என்றார்.

அவள் "சரி சரி, சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

அவர் சாப்பிடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிப் போய்விட்டார். அந்தப் பூசணியை நான்தான் நறுக்கினேன். நறுக்கும்போதே தீர்மானம் செய்துகொண்டேன். இந்தக் கும்பிடு திரும்பி வர வேண்டும். இதே கூடத்தில், இவள் கையிலிருந்து, என் அய்யாவுக்கு. அதைத் தவிர எனக்கு அந்த வீட்டில் வேறு எதுவும் வேண்டாம்.

ஆனால் நான் என்ன செய்ய முடியும்? சண்டை போடத் தெரியாது. அவளுக்குக் காப்பியில் பாலாடை மிதந்தால் குமட்டும். அன்றிலிருந்து அவள் டம்ளரில் மட்டும் ஆடையை எடுக்காமல் ஊற்றினேன். அவள் விரலால் எடுத்துச் சுவரில் ஒட்டுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

மிஷின் மதுரைக்குப் போய் ரிப்பேராகி வந்தது. கொண்டுவந்தவர் அவள் கணவர். "பையைக் கொட்டணுமாம்" என்று அவர் சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில், "வேற ஒண்ணுமில்ல, ரெடியாயிருச்சு" என்று முடித்துக்கொண்டார். என் காதில் அது விழுந்தது. அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. லட்சுமி போகக் கூடாது என்று அவள் பையைக் கொட்ட மாட்டாள். மிஷின் மறுபடியும் நிற்கும். நாலு பேர் பார்க்க நிற்கட்டும். அப்போது என் கையில் வயர்கூட இருக்கக் கூடாது.

அதனால் மிஷின் சத்தம் கேட்டால் நான் கொல்லைப்புறம் போய்விடுவேன். "வயரைப் பிடிக்க வாளா" என்றால், "வேண்டாங்க்கா, நான் தொட்டா ராசியில்ல" என்பேன். அது அவளுக்குக் குளிர்ந்துவிடும். நான் தொட்டியோரம் உட்கார்ந்து காதை மட்டும் கூடத்தில் வைத்திருப்பேன். மிஷினின் குரல் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தது. எனக்கு அது நல்ல பாட்டாக இருந்தது.

நாத்தனாரைப் பெண் பார்க்கத் திருத்தங்கலிலிருந்து வந்தார்கள். அவர்களும் பட்டாசுக்காரர்கள்தான். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், நல்ல நேரம். கூடத்தில் ஐந்து முகமும் ஏற்றிய குத்துவிளக்கு. கேசரி, காப்பி எல்லாம் ஆயிற்று. ஜமுக்காளத்தில் கொஞ்சம் காராபூந்தி சிந்தியிருந்தது. அவளுக்கு அது போதாதா?

"இருங்க, ஒரு நிமிசத்துல எடுத்துருதேன். விளக்கு வச்ச பெறகும் எங்க வீட்டுல பெருக்கலாம்" என்று மிஷினைக் கொண்டுவந்தாள். லட்சுமி கதையையும் சொன்னாள். வந்திருந்த பெண்கள் வாயில் கை வைத்துக் கேட்டார்கள். நான் டம்ளர்களைக் கழுவிவிட்டு, ஈர முந்தானையோடு நிலையருகில் நின்றேன்.

மிஷின் உறுமியது. பூந்தி நகரவே இல்லை. அவள் அழுத்தினாள். அதே கருகல் நாற்றம் வந்தது. நின்றுவிட்டது. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். எனக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது. இத்தோடு போதும் என்றுதான் இருந்தேன். சத்தியமாக.

அவள் கண் என்னைத் தேடியது. "நீ எதுவும் தண்ணி ஊத்தி வச்சியா?"

"நான் தொட்டே நாளாச்சுங்க்கா."

அந்தப் பதில் எனக்கு எப்படி உடனே வந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியம். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. விளக்குக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து, பிளக்கைக்கூடப் பிடுங்காமல், மிஷினின் மூடியைத் திறக்கப் போனாள்.

"அக்கா, கொல்லையில வச்சுத் திறப்போம்" என்றேன்.

"எனக்கு நீ சொல்லித் தாரியாக்கும்?"

கொளுக்கியை எடுத்துப் பையை வெடுக்கென்று இழுத்தாள். திணித்த தலையணை மாதிரி வந்தது. ஒரு உதறு உதறினாள். சாம்பல் நிறமாகத் தூசி கிளம்பியது. அதற்குள் வெள்ளியாக மினுங்கிக்கொண்டு ஒரு புகை, மெதுவாக, விளக்கைப் பார்த்துப் போயிற்று.

அலுமினியப் பொடி தரையில் கிடந்தால் அது வெறும் பொடி. காற்றில் பறக்கும்போது தீயைக் கண்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அவள் அழிய வேண்டும் என்றுதான் ஆசை. அந்தக் கூடம் அழிய வேண்டும் என்றில்லை. நாத்தனார் புதுச் சேலையோடு அங்கேதான் நின்றாள். நான் ஓடிப் போய் ஈர முந்தானையை அப்படியே குத்துவிளக்கின் மேல் போட்டு இரண்டு கையாலும் அமுக்கினேன். ஐந்து முகமும் சுர்ரென்று அணைந்தது. பிறகு போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

வெள்ளிக்கிழமை. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். மருமகள் விளக்கை அணைத்துவிட்டாள். மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். "அடி பாவி! குடியைக் கெடுத்துட்டியேடி!"

"பாத்தீகளா, பாத்தீகளா! பொறாமை பிடிச்சவ!" என்று ஓரகத்தி கத்தினாள். அவள் பட்டுச்சேலை முழுக்க, முகத்தில், புருவத்தில், எல்லாம் வெள்ளியாக மினுங்கியது. அந்தக் கோலத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மறக்க எனக்கு விருப்பமும் இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா தன் மூன்று விரலால் காற்றிலிருந்து எதையோ பிடிப்பதுபோல் தடவி, தேய்த்துப் பார்த்தார்.

"யாரும் பேசாதீக. எந்திரிச்சு மெதுவா வாசலுக்கு வாங்க. காலைத் தேய்க்காம வாங்க. அந்த சுவிச்சை யாரும் தொடாதீக."

எல்லோரும் முற்றத்துக்கு வந்தோம். மாமனார் கொல்லைப்பக்கம் சுற்றிப் போய், தோள்துண்டைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து உள்ளே கொண்டுபோய்ப் பையின் மேல் போட்டுவிட்டு வந்தார்.

"மருந்து கலக்குற அறையில நான் விளக்கு ஏத்துவேனாளா?" என்று மூத்த மருமகளைக் கேட்டார். "என் வீட்டையே நீ அந்த அறையா ஆக்கி வச்சிருக்க. எம்புட்டு நாளா இந்தப் பையைக் கொட்டல?"

அவள் கணவர்தான் தன் அப்பாவுக்குப் பதில் சொன்னார். "மதுரையில மொதத் தடவையே சொன்னான் அய்யா. ஈரம் இல்ல, பை ரொம்பி மோட்டார் எரிஞ்சிருக்குன்னு."

மாமனார் என் பக்கம் திரும்பினார். அதற்கு முன் அவர் என்னை நேராகப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

"அப்ப இவ அப்பன் எதுக்கு இங்கன கும்பிட்டாரு?"

திருத்தங்கல்காரர், "விளக்கை அணைச்ச பிள்ளை எந்த ஊரு?" என்று கேட்டார். ஆமத்தூர் என்றார்கள். "நல்ல நேரம் பாத்துத்தான் வந்தோம். நல்ல நேரமாத்தான் இருந்திருக்கு" என்று சொல்லிச் செருப்பை மாட்டினார். அந்தச் சம்பந்தம் பிறகு முடிந்தது.

மாமனார் ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யா வந்தார். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் பயந்துபோய் வந்தார். அப்போதும் தோளில் ஒரு சாக்கு. நான் அன்று தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்றேன். விளக்கை அமுக்கிய விரல்களில் கொப்புளம் ஆறவில்லை.

"சம்பந்தி, தப்பு எங்க வீட்டுல" என்றார் மாமனார். மூத்த மருமகளைப் பார்த்து, "ம்" என்றார்.

அவள் வந்து என் அய்யா முன்னால் நின்றாள். கைகள் மெதுவாக மேலே வந்தன. இத்தனை நாள் நான் ஆடை மிதக்கும் காப்பியும் தொட்டியோரமுமாகக் காத்திருந்தது இதற்குத்தான். நான் கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன்.

அவள் கைகள் சேரவில்லை. அதற்குள் என் அய்யா சாக்கைத் தொப்பென்று கீழே போட்டார். இரண்டு கையையும் குவித்துவிட்டார். "அய்யய்யோ, நீங்க எதுக்குத் தாயி… பெரிய வீட்டுப் பிள்ளை… வேண்டாம் தாயி, வேண்டாம்" என்று அவளைப் பார்த்துக் கும்பிட்டார். இரண்டாம் தடவை.

அவள் கையை இறக்கிக்கொண்டாள். அவ்வளவுதான் முடிந்தது. மாமனாருக்குத் திருப்தி. அய்யா அன்று சாப்பிட்டார், ரசம் இரண்டு தடவை கேட்டு வாங்கினார். பஸ் ஏற்றிவிடப் போகும்போது, "பாவம்ல அந்தப் பிள்ளை, முகமே செத்துப்போச்சு" என்றார். எனக்கு அவர் மேலேயும் கோபம் வந்தது. அவர் மேல் கோபம் வந்ததற்கும் சேர்த்து அவள் மேல்தான் வந்தது.

அலமாரிச் சாவி என் இடுப்புக்கு வந்தது. ஆண்களின் துணி மறுபடி தொட்டிக்குப் போயிற்று. மிஷினை வீட்டுத் தூசிக்கு மட்டும் எடுப்பேன். முதலில் பிளக், பிறகு மூடி. பையை அன்றன்றைக்குக் கொல்லையில் கொண்டுபோய், தண்ணீர் நிறைந்த வாளியில் கொட்டுவேன். வெள்ளிக்கிழமையும் கொட்டினேன், அமாவாசையும் கொட்டினேன். அவள் பார்க்கும்படி, அடுப்படி ஜன்னலுக்கு நேராக வைத்துத்தான் கொட்டினேன். லட்சுமி எங்கும் போகவில்லை.

அய்யா இப்போது இல்லை. வர வேண்டிய கும்பிடை வாங்காமலே போய்விட்டார். அவளுக்குத் தலை நரைத்து, முழங்கால் வலி வந்துவிட்டது. எப்போதாவது என்னைப் பார்க்க வருகிறாள். பழையதெல்லாம் மறந்து நன்றாகத்தான் பேசுகிறாள். "உன் கைக் காப்பி மாதிரி வராதுளா" என்கிறாள். நானும் "இருங்கக்கா" என்று உள்ளே போய், பாலை நன்றாகக் காய்ச்சி, கொஞ்சம் ஆறவிட்டு, ஆடை படிந்த பிறகுதான் அவள் டம்ளரில் ஊற்றுகிறேன்.